முதியோர் சிறுமனை

முதுமையில் உடல்வலிமை குன்றும். ஆயினும் தன்மதிப்புக் குன்றுவதில்லை. தம் அடுப்பில் உலையேற்றி உண்ணவும், தம் விருப்பம்போல் உறங்கி எழவும் முதியோர் விழைவர். மக்களை விட்டு நெடுந்தொலைவு செல்லவோ அவர்தம் மனம் ஒருப்படாது. இவ்விரு விருப்பங்களும் ஒருங்கே நிறைவேறச் செருமனி, ஆஸ்திரியா நாட்டு உழவர் கண்ட வழியொன்றை ஈண்டுக் காண்போம்.

அந்நாடுகளின் பல பகுதிகளில், பண்ணை சிறு கூறுகளாகச் சிதையாமல் மக்களுள் ஒருவரிடமே சேர்வது வழக்கம். மூப்படைந்த தந்தை, தாம் வாழும்போதே நிலத்தையும் பெருவீட்டையும் அவரிடம் ஒப்படைப்பார். பின்னர்ப் பெற்றோர் இருவரும் பண்ணை முற்றத்தையடுத்த சிறு வீடொன்றிற் குடிபுகுவர். அதற்குத் தனி வாயிலும் தனி அடுப்பும் உண்டு. அத்தகைய வீடு கட்ட இயலாதார், பெருவீட்டிலேயே ஓர் அறையைப் பெற்றோர்க்கு ஒதுக்குவர். இவ்வுரிமை 'ஆல்ட்டென்டைல்' எனப்படும். 'முதியோர் பங்கு' என்பது அதன் பொருள்.

பெற்றோர்க்கு உறைவிடம் மட்டும் போதுமா? நிலத்தைக் கொடுத்தபின் உணவிற்கு யாது செய்வர்? ஆதலின், ஒப்படைக்கும்போதே ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய தானியம், பால், முட்டை, விறகு ஆகியவை அதிற் குறிக்கப்பட்டன. நோயுற்ற காலத்துப் பேணும் கடமையும் எழுதப்பட்டது. இவ்வுரிமையை நிலப்பதிவேட்டிலும் பதிவு செய்வர். அங்ஙனம் பதிந்த பண்ணையைப் பிறர் விலைக்கு வாங்கினும், முதியோர் தம் பங்கை இழப்பதில்லை.

"பெற்ற மகனிடம் ஆவணம் எதற்கு?" என நீங்கள் வினவலாம். விளைச்சல் பொய்த்த ஆண்டில், முதியோர் பங்கு இளையோர்க்குப் பெருஞ்சுமையாயிற்று. மனக்கசப்பு முற்றி வழக்கு மன்றம் சென்ற குடும்பங்களும் உண்டு. அன்பு தளர்ந்த வேளையில் முதியோரைக் காத்தது அவ்வாவணமே. அவர் உண்டது பிறர் இட்ட பிச்சையன்று, தமக்குரிய பங்கேயாகும்.

மேற்கு செருமனியில் 1957ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பண்ணையை ஒப்படைத்த முதிய உழவர்க்குத் திங்கள்தோறும் உதவித்தொகை கிடைக்க அது வழிசெய்தது. கையிற் சிறிது பணமும் சேரவே, முதியோரின் தற்சார்பு மேலும் வலுப்பெற்றது. இத்தகைய ஒப்பந்தங்கள் இன்றும் அந்நாடுகளில் எழுதப்படுகின்றன.

பெருவீட்டிற்கும் சிறுமனைக்கும் இடையே உள்ளது ஒரு முற்றமே. பேரக்குழந்தை ஓடிவர அது நெடுந்தொலைவன்று. இரு குடும்பமும் தத்தம் போக்கில் வாழ அது போதிய இடைவெளியாகும். மாணவர்களே! முதியோர்க்குச் சோறளித்தல் நன்று. அவர்தம் உரிமையையும் மதித்து அளித்தல் அதனினும் நன்று.