பேசாத பலகை



ஒரே பெஞ்சில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் பேசிக்கொள்ளவில்லை என்றால் நாம் என்ன நினைப்போம்? ஏதோ சண்டை என்போம். யார்மீது தவறு என்பதையும் அடுத்த மணி அடிப்பதற்குள் தீர்மானித்துவிடுவோம். சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு முந்திய வாரம் எங்கள் மன்றத்தில் நடந்ததும் இதுவே. பேசாமல் இருந்தவை ஒரு சிறு மின்னணுப் பலகையும் ஒரு கணிப்பொறியும். பழி சுமந்தவளோ ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி.

பலகை இன்னதென்று முதலில் கூறிவிடுகிறோம். 2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரிலிருந்த ஒரு வடிவமைப்புப் பயிலகத்தில், மின்னணுவியல் கல்லாத மாணவரும் எளிதில் கையாளத்தக்க மலிவான பலகை ஒன்றை மாசிமோ பான்ஸி முதலியோர் உருவாக்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆர்டுயினோ. அது அவர்கள் வழக்கமாகக் கூடும் மதுக்கடையின் பெயர்; கடைக்குக் கிடைத்ததோ 1002இல் இத்தாலியின் அரசனான ஆர்டுயினின் பெயர். (பள்ளி மலரில் மதுக்கடை இடம்பெறலாமா என்று சற்றே தயங்கினோம். வரலாறு அப்படி இருக்க, நாங்கள் என்ன செய்வது!) அப்பலகையின் வரைபடம் எல்லாருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டிருப்பதால், அதே அமைப்பில் பலரும் பலகை செய்து விற்கின்றனர். எங்களுடையது 'நானோ' எனப்படும் சிறிய வகை. நீளம் 45 மில்லிமீட்டர், அகலம் 18 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் அளவுதான். மன்றத்தினர் பத்துப் பேர் தலைக்கு 40 ரூபாய் போட்டு, பலகையும் ஒலியால் தூரம் அளக்கும் உணரி ஒன்றும் வாங்கினோம்.

எங்கள் திட்டம் இது: மேல்நிலைத் தொட்டியின் மூடியில் உணரியைப் பொருத்துவது. அது நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கீழே அனுப்பி, நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். பலகை அதைச் சென்டிமீட்டராக்கிக் கணிப்பொறிக்குச் சொல்லும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் பலகையில் ஒரு சிறு விளக்கு மினுக்கும்படி எழுதியிருந்தோம். திங்கட்கிழமை மாலை ஒரு வாளித் தண்ணீரை வைத்துச் சோதித்தோம். எண்கள் வரிசையாக வந்தன. ஆனந்தத்தில் கைதட்டினோம்.

செவ்வாய் மதிய இடைவேளையில் அத்தங்கை ஆய்வுக்கூடத்துக்கு வந்து பலகையைக் கணிப்பொறியில் சொருகினாள். ஒரு எண்ணும் வரவில்லை. நாங்கள் உள்ளே நுழைந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"நான் சொருகினது மட்டும்தான் அக்கா. லைட் மினுக்குது, ஆனா எண் வரல" என்றாள்.

"உன்னை யார் தொடச் சொன்னது? எரிச்சுட்டியா?" என்று கேட்டது எங்களுள் ஒருத்தி அல்ல, எல்லாருமே. அவள் அழுதுகொண்டே போனாள். மறுநாள் மன்றத்துக்கு வரவில்லை.

தோழியரே, அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்திருந்தால் எங்கள் இரண்டு நாட்கள் வீணாகியிரா. விளக்கு மினுக்குகிறது என்றால் என்ன பொருள்? பலகைக்கு மின்சாரம் வருகிறது. அதிலுள்ள முதன்மைச் சில்லு உயிரோடு இருக்கிறது. நாங்கள் எழுதிய நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. எரிந்துபோன பலகை அளவெடுக்குமா? இதை எண்ணாமல், அன்று மாலையே ஆளுக்கொரு மருத்துவம் தொடங்கினோம். கணிப்பொறிதான் கெட்டது என்று ஒருத்தி சொல்ல, அலுவலகத்திலிருந்து லேப்டாப் ஒன்றை இரவல் வாங்கினோம். வேகம் போதவில்லை என்று இன்னொருத்தி சொல்ல, நிரலில் 9600 என்றிருந்ததை 115200 ஆக்கி வைத்துக்கொண்டோம். இணைப்பு வந்ததும் ஏற்றிவிடலாம் என்பது எண்ணம். ஒன்றும் பலிக்கவில்லை.

புதன்கிழமை இயற்பியல் ஆசிரியை வந்தார். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. "செய்தி எதுவரைக்கும் வருது?" என்றுதான் கேட்டார். கரும்பலகையில் வழியை வரையச் சொன்னார். முதன்மைச் சில்லு, அடுத்துப் பலகையிலுள்ள இன்னொரு சிறு சில்லு, கேபிள், கணிப்பொறியின் வாயில், அதனுள் இருக்கும் டிரைவர் மென்பொருள், கடைசியாக எண்ணைக் காட்டும் திரை. (ஆங்கிலத்தில் போர்டு வேறு, போர்ட் வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் மயக்கும். ஆகவே பலகை என்றும் வாயில் என்றுமே எழுதுகிறோம்.)

பிறகு அவர் பலகையைக் கழற்றி மீண்டும் சொருகினார். விளக்கு எரிந்தது. ஆனால் புதிய பொருள் ஒன்று இணைந்தால் 'டிரிங்' என்று எழுமே ஒரு ஓசை, அது எழவில்லை. கணிப்பொறிக்கு யாரோ வந்ததே தெரியவில்லை! "வேற கேபிள் இருக்கா?" என்றார்.

எங்களுள் ஒருத்திக்கு அப்போதுதான் நெஞ்சு திக்கென்றது. திங்கள் மாலை தன் வீட்டுப் பழைய கேமராவிலிருந்து படம் எடுப்பதற்காக அவள் கேபிளை எடுத்துச் சென்றிருந்தாள். மறுநாள் காலை திருப்பி வைத்தது அதே நிறத்தில் இருந்த வேறொரு கேபிள். சிறிய ஒலிபெருக்கிக்கு மின்னேற்றம் செய்ய வந்தது. இத்தகைய யூ.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. மின்னேற்றத்துக்கு மட்டுமென்று வரும் மலிவுக் கேபிள்களில் செய்திக் கம்பிகள் இரண்டும் இருப்பதில்லை. வெளியே பார்த்தால் வேறுபாடு துளியும் தெரியாது. விளக்கு எரியும், நிரல் ஓடும், பேச்சு மட்டும் இருக்காது. சரியான கேபிள் அவள் பையிலேயே இருந்தது. எடுத்து நீட்டும்போது அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாங்களுந்தான்.

இத்துடன் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தீர்களா? இல்லை. உண்மையான பழுது அது ஒன்றே. மற்றவை நாங்களாக வருவித்துக்கொண்டவை.

கண்காட்சிக் கூடத்துக்கு லேப்டாப்பே வசதி என்பதால் அதிலேயே தொடர்ந்தோம். இப்போது ஓசை எழுந்தது. ஆனால் 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பட்டியலில் பலகையின் பெயரருகே மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி. பலகையின் முதன்மைச் சில்லுக்கு யூ.எஸ்.பி. மொழி தெரியாது. ஆகவே இடையில் துபாஷியாக நிற்பது அந்தச் சிறு சில்லு. எங்கள் பலகையில் இருந்தது சீனத்துச் சி.எச்.340. துபாஷியைக் கணிப்பொறி அடையாளம் காண வேண்டுமானால் அதற்குரிய டிரைவர் உள்ளே இருக்க வேண்டும். ஆய்வுக்கூடக் கணிப்பொறியில் அது முன்பே இருந்தது. இணைய வசதியில்லாத லேப்டாப்பில் இல்லை. நிறுவியதும் ஆச்சரியக்குறி மறைந்து 'காம் 5' என்று பெயர் தோன்றியது. பட்டியலில் இரண்டு மூன்று காம் இருந்தால் நம்முடையது எது என்று திகைக்க வேண்டாம். கேபிளைக் கழற்றினால் எந்தப் பெயர் மறைகிறதோ அதுவே நம்முடையது. லினக்ஸ் வைத்திருப்போருக்கு இந்த டிரைவர் கூடவே வந்துவிடும். அங்கே பெரும்பாலும் தடுப்பது அனுமதிதான். பல லினக்ஸ் வகைகளில் 'டயல்அவுட்' என்னும் குழுவில் நம் பெயரைச் சேர்க்க வேண்டும்.

இனி நிரலை ஏற்றலாம் என்று பொத்தானை அழுத்தினோம். திரை சிறிது நேரம் விழித்தது. பிறகு 'நாட் இன் சிங்க்' என்ற வரி ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து முறை சிவப்பில் வந்தது. "அப்போ எரிஞ்சுதான் போச்சு" என்று மீண்டும் ஒரு குரல்!

அப்போது ஆசிரியை காட்டிய சோதனையைத் தோழியர் அனைவரும் கற்று வைத்துக்கொள்ள வேண்டும். செலவு இரண்டு துண்டுக் கம்பிகள். முதலில் கேபிளைக் கழற்றி, பலகையோடு சேர்ந்த மற்ற இணைப்புகளையும் நீக்கினார். 'ரீசெட்' என்னும் முனையையும் 'கிரவுண்டு' முனையையும் ஒரு கம்பியால் இணைத்தார். இதனால் முதன்மைச் சில்லு வாய் திறவாமல் உறங்கும். அடுத்து, செய்தி உள்ளே வரும் முனையையும் வெளியே போகும் முனையையும், அதாவது 0, 1 என்று எண்ணிடப்படும் இரண்டையும், மற்றொரு கம்பியால் இணைத்தார். கேபிளைச் சொருகி, 'சீரியல் மானிட்டர்' திரையில் ஒரு சொல்லை எழுதி என்டர் தட்டச் சொன்னார். எழுதிய சொல் அப்படியே திரும்பி வந்தது! கிணற்றில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி ஒலிக்குமே, அதுபோல. 0, 1 முனைகளை இணைத்த கம்பியை எடுத்தார், திரும்பவில்லை. மீண்டும் வைத்தார், திரும்பியது.

இதிலிருந்து விளங்குவது என்ன? கேபிள், டிரைவர், வாயில், துபாஷி நான்கும் நலம். முதன்மைச் சில்லு நலமென்று விளக்கு முன்பே சொல்லிவிட்டது. எனவே பழுது பொருளில் இல்லை. பேசும் முறையில்தான் இருக்க வேண்டும்.

தேடினோம். நிரல் ஏற்றுவதற்கென்றே முதன்மைச் சில்லுக்குள் 'பூட்லோடர்' என்னும் சிறு நிரல் காத்திருக்கிறது. கணிப்பொறி அழைத்ததும் பலகை ஒருமுறை தன்னைத்தானே புதிதாகத் தொடங்கிக்கொண்டு, சில கணம் காது கொடுக்கும். பழைய பூட்லோடருக்குப் புரியும் வேகம் 57600. 2018 முதல் வந்த புதியதற்கு 115200. சந்தையில் கிடைக்கும் மலிவுப் பலகைகள் பலவற்றில் இருப்பது பழையதே. ஆய்வுக்கூடக் கணிப்பொறியில் 'ஓல்டு பூட்லோடர்' என்று யாரோ முன்பே தேர்ந்து வைத்திருந்தார்கள். லேப்டாப்பில் புதியது தேர்வாகியிருந்தது. 'டூல்ஸ்' பட்டியலில் 'புராசஸர்' என்ற இடத்தில் அதை மாற்றினோம். நிரல் ஏறியது.

ஏறியதும் திரையைத் திறந்தால், எண்களுக்குப் பதில் கட்டங்களும் தலைகீழ்க் கேள்விக்குறிகளும்! இது நாங்கள் வேகத்தை மாற்றியதன் பலன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒவ்வோர் எழுத்தும் 0, 1 என்னும் குறிகளாக ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'யின் எண் 65, குறிகளில் 01000001. முன்னே 'தொடங்குகிறேன்' என்று ஒரு குறி, பின்னே 'முடித்தேன்' என்று ஒரு குறி, ஆக எழுத்துக்குப் பத்து. எப்போது ஒரு குறி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சொல்லத் தனிக் கம்பி கிடையாது. ஆண்டு விழாவுக்குக் கும்மி பழகும்போது எல்லாரும் தாளத்தை மனத்தில் வைத்தே அடிக்கிறோம் அல்லவா? இங்கும் அப்படியே. 9600 என்றால் விநாடிக்கு 9600 குறிகள். ஒரு குறிக்கு ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 104 பங்கு. கேட்பவர் தொடக்கக் குறியைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு குறியின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறார். இருவர் தாளமும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு விலகினால் பாதகமில்லை. பத்துக் குறிகளுக்குள் பெரிதாகப் பிசகாது. எங்கள் பலகையோ 115200இல் பேசியது. திரை 9600இல் கேட்டது. பன்னிரண்டு மடங்கு! கேட்பவர் ஒரு குறியைக் கேட்டு முடிப்பதற்குள் பேசுபவர் ஒரு முழு எழுத்தையும் சொல்லி அடுத்ததையும் தொடங்கிவிடுகிறார். குப்பை வராமல் வேறென்ன வரும்? திரையின் மூலையில் இருந்த எண்ணை 115200 ஆக்கினோம். '23 செ.மீ.' என்று வந்தது.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறோம். ஒரு வாயிலை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே பிடித்திருக்க முடியும். 'அனுமதி இல்லை' என்று வந்தால் வேறெங்கோ அதே வாயில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலும், 0, 1 முனைகளில் உணரியைக் கோக்காதீர்கள். துபாஷி பேசும் வழியை அது மறித்துவிடும். எங்களுடையதை 9, 10 முனைகளில் கோத்திருந்தோம். திரையைத் திறக்கும்போதெல்லாம் எண்கள் முதலிலிருந்து வருவது மட்டும் பழுதன்று. பலகை புதிதாகத் தொடங்குகிறது, அவ்வளவே.

வியாழக்கிழமை காலை இறைவணக்கத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பு வாசலில் போய் நின்றோம். என்ன சொல்வதென்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். அவளைக் கண்டதும் எல்லாம் மறந்துவிட்டது. கேபிளை மாற்றியவளே முன்னே வந்து, "எரியலம்மா, நான் கேபிளை மாத்திட்டேன். நீ சொன்னது சரி" என்றாள். தங்கை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ லைட் மட்டும் எப்படி அக்கா எரிஞ்சது?" என்று கேட்டாள். வகுப்பு மணி அடிக்கும்வரை நான்கு கம்பிகளின் கதையை அங்கேயே நின்று சொன்னோம்.

கண்காட்சியன்று தொட்டித் திட்டத்தை விளக்கியது நாங்கள். பக்கத்து மேசையில் இரண்டு துண்டுக் கம்பிகளை வைத்துக்கொண்டு, பார்வையாளர் எழுதிய பெயர்களைத் திரும்பி வரச் செய்து காட்டியது அவள். அங்கேதான் கூட்டம் அதிகம். அந்த ஒலிபெருக்கிக் கேபிளை நாங்கள் எறியவில்லை. சிவப்பு நூல் கட்டி ஆய்வுக்கூடத்து ஆணியில் மாட்டியிருக்கிறோம். பலகைக்கு மின்சாரம் மட்டும் வேண்டியபோது எடுத்துக்கொள்வோம்.