பிரமதண்டும் கடுகும்

கசகசாவை அறியாத இல்லம் இல்லை. ஆனால் கசகசாச் செடியும், தச்சநல்லூரில் வாய்க்கால் கரைகளிலும் தரிசுகளிலும் மஞ்சட் பூவுடன் முளைக்கும் பிரமதண்டு என்னும் முட்செடியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைப் பலர் அறியார். குடியோட்டிப் பூண்டு என்பதும் இதுவே.

இக்குடும்பத்தில் பெரும்பாலானவை பூண்டுகளே. ஆயினும் உஷ்ண மண்டல அமெரிக்காவில் பொக்கோனியா என்னும் ஒரு கிளை புதராகவும் சிறு மரமாகவும் வளர்கின்றது. அதன் கிளையைக் கீறினால் செம்மஞ்சட் பால் வடியும். ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட அம்மரம், பறவைகள் விதையைப் பரப்பியமையால் அங்கே பெருங்களையாகிவிட்டது. பிரமதண்டும் மெக்ஸிகோ தேசத்திலிருந்து நம் நாட்டில் வந்து பரவியதே. இதனை ஒடித்தால் மஞ்சட் பால் வரும். சாங்குயினரின் என்னும் நச்சுப்பொருள் இவ்விரண்டிலும் உண்டு.

பிரமதண்டின் விதை கடுகைப் போன்று கருமையாயும் சிறிதாயும் இருப்பதே பெருந்தீங்குக்குக் காரணம். அதன் எண்ணெய் சமையல் எண்ணெயில் கலந்தால், உண்டவருக்குக் கால் வீங்கும், மூச்சு முட்டும், இருதயம் பலவீனமுறும், சிலருக்குக் கண் பார்வையும் கெடும். 1877-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இந்நோய் காணப்பட்டது. 1998-ல் டில்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சாதாரணச் சமையலில் இந்நஞ்சு நீங்கிவிடும் என்று நம்பலாகாது.

இரு விதைகளையும் பிரித்தறிதல் எளிது. கடுகு வழுவழுப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சளாயிருக்கும். பிரமதண்டு விதையின் மேற்புறம் சொரசொரப்பாயிருக்கும், உள்ளே வெண்மையாயிருக்கும்.

ஆகையால், காய் முற்றி வெடிக்குமுன் இச்செடியைக் களைக்கொட்டினால் வேரோடு அகற்ற வேண்டும். காய் பிடித்தவற்றைக் குப்பைக்குழியில் இடாது எரித்துவிட வேண்டும். ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதைகள் உண்டு. அவை மண்ணில் நெடுநாள் கிடந்து முளைக்கும். ஒருவர் மட்டும் தம் நிலத்தைச் சுத்தம் செய்து, அடுத்தவர் வாளாவிருந்தால் பயனில்லை. வாய்க்கால் கரையும் பொது நிலமும் அனைவரும் கூடிச் செய்யவேண்டிய வேலை.

சங்கத்தின் மூலம் கடுகு வாங்குங்கால், மூட்டைதோறும் ஒரு பிடி எடுத்து வெண்காகிதத்தில் பரப்பிப் பார்த்தல் நலம். எண்ணெயில் ஐயம் தோன்றின் அதனை விநியோகிக்காது நிறுத்தி, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் பரிசோதனைக்கு ஒப்புவிக்க வேண்டும். விலை மலிவை மட்டும் நோக்கி வாங்கும் சங்கம் தன் அங்கத்தினரின் உயிருக்குக் காவலாக இராது.