கருவியும் காலமும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைக் கடந்து திருத்தணியை அடையுமுன் உள்ள ஊர் கனகம்மாசத்திரம். அங்கிருந்து மேலும் சென்றால், முருகன் கோயில் கொண்ட திருத்தணி மலை தோன்றும். அம்மலைக்கு 365 படிகள் உள்ளன. அவை ஓராண்டின் நாள்களைக் குறிக்கும் என்பர். அப்படிகளைப் போலவே, நாள்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கடப்பவர்கள் இவ்வட்டாரத்து நெசவாளர்கள். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு முதலிய ஊர்களில் நெசவு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. இன்று விசைத்தறியின் ஓசையே அங்கு மிகுதியாகக் கேட்கும். ஆயினும், தறி எதுவானாலும், குறித்த நாளில் துணியை முடித்துத் தர வேண்டும் என்னும் கடமை ஒன்றே.

நெசவாளரை விரைவுபடுத்தும் திருநாள்கள் இரண்டு. ஒன்று, புத்தாடை உடுத்தும் தீபாவளி. மற்றொன்று பொங்கல். பொங்கலுக்கு ஏழை எளியோர்க்கு வேட்டியும் சேலையும் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 1983-ஆம் ஆண்டில் தொடங்கியது. இவ்விரு திருநாள்களுக்கும் வேண்டிய துணி, ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாதங்களையொட்டியே தறியில் ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலமும் அதுவே. எனவே, மிக விரைந்து உழைக்க வேண்டிய காலமும், கருவிகள் மிகுதியாகப் பழுதுபடும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

மழை கைத்தறியைப் பல வகையில் வருத்தும். குழித்தறியில் நெசவாளர் தரையோடு அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். மழை மிகுந்தால் அக்குழியில் நீர் ஊறும். நீளவாட்டில் ஓடும் நூலாகிய பாவினைத் தெருவில் விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்த இயலாது. கஞ்சியிட்ட பாவும் ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தறியின் மரப்பகுதிகள் பருத்துப் பிடிக்கும். ஊடை நூலை நெருக்கி அடிக்கும் அச்சின் எஃகுப் பற்கள் துருப்பிடிக்கும். அத்துரு துணியில் கறையாகப் படியும்.

இத்தகைய வேளையில் தறி ஒன்று பழுதுபடுகிறது என்று கொள்வோம். குறுக்கு நூலாகிய ஊடையைச் சுமந்து செல்லும் நாடா, மறுபுறத்தை அடையாமல் நடுவழியில் நிற்கிறது. நாள் நெருங்கிவிட்டது, உள்ளம் பதறுகிறது. பதறியவர் கயிற்றை முன்னிலும் வலிந்து இழுப்பார். நாடா வெளியே தெறித்து விழும். அல்லது பாவு நூல்களின் நடுவே சிக்கும். சிக்கிய நிலையில் அச்சு வந்து மோதினால், பல நூல்கள் ஒருசேர அறுந்து போகும். சில நிமிடங்களில் தீர்ந்திருக்கக்கூடிய குறை, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கும் நெடுநேர வேலையாக வளர்ந்துவிடும்.

அனுபவம் மிக்கவர் அவ்வாறு செய்யார். தறியை நிறுத்துவார், நாடா ஏன் நின்றது என்று ஆராய்வார். இழுக்கும் கயிறு தளர்ந்திருக்கலாம். நாடாவைத் தள்ளும் கட்டை தேய்ந்திருக்கலாம். நாடா ஓடும் பலகை ஈரத்தால் பருத்திருக்கலாம். நாடாவின் மரத்தில் சிராய் கிளம்பியிருக்கலாம். தளர்ந்த கயிற்றை இறுக்கினால் போதும். எழுந்த சிராயைத் தேய்த்து வழவழப்பாக்கினால் போதும். காரணம் தெரிந்தபின் மருந்து எளிது.

அறுந்த இழை ஒன்றைக் காணும்போதும் இதுவே முறை. “ஓர் இழைதானே” என்று விட்டுவிட்டால், அக்குறை துணியின் நீளம் முழுதும் ஒரு கோடாகத் தெரியும். உடனே நின்று சிறு முடிச்சிட்டுப் பிணைத்தால் குறை அங்கேயே நீங்கும். நெசவாளர் இடும் முடிச்சு மிகச் சிறியது. அச்சின் பற்களுக்கிடையே தடையின்றி நழுவிச் செல்லக்கூடியது.

இடுக்கண் வந்தபோது காரணம் காணும் அறிவின் பயனை, வேற்று நாட்டுச் சிற்பி ஒருவரின் வரலாறும் காட்டுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் புளோரன்சு நகரில் செல்லினி என்னும் சிற்பி, பெர்சியூசு என்னும் வீரனின் வெண்கலச் சிலையை வார்த்தார். அவர் காய்ச்சலால் படுத்திருந்தபோது, உலையில் உருகிய உலோகம் இறுகத் தொடங்கியது. எழுந்து வந்து நெருப்பை வளர்த்தார். உலையின் மூடி வெடித்தது. அப்போதும் உலோகம் தடையின்றி ஓடவில்லை. கடும் வெப்பத்தில் கலவையின் வெள்ளீயம் எரிந்து போயிற்று என்று அவர் உணர்ந்தார். வீட்டிலிருந்த வெள்ளீயத் தட்டுகளும் கிண்ணங்களுமாகச் சுமார் 200 பாத்திரங்களை வார்ப்பில் இடச் செய்தார். உலோகம் உருகி ஓடி அச்சை நிரப்பிற்று. 1554-ஆம் ஆண்டில் பொதுமக்கள் காணத் திறந்து வைக்கப்பட்ட அச்சிலை, இன்றும் அந்நகரில் நிற்கிறது. அன்று அவரைக் காத்தது பதற்றமன்று; குறை இன்னதென்று தெளிந்த அறிவே.

ஆயினும், பழுது நேர்ந்தபின் திருத்துவதினும், நேருமுன் காப்பதே மேல். மழைக்கு முன்பே அச்சில் எண்ணெய் தடவி வைத்தல், தேய்ந்த கயிற்றை அறுமுன் மாற்றுதல், மாற்று நாடா ஒன்றைக் கைவசம் வைத்தல் ஆகியவை சிறு செயல்களே. ஆனால் நெருக்கடியில் அவையே நாள்களை மீட்டுத் தரும். தம்மால் திருத்த இயலாதபோது, அண்டை வீட்டாரின் கருவியைக் கேட்டுப் பெறுதலும் இழிவன்று. இன்று கடன் கொடுத்தவர் நாளை கடன் பெறுவார். இவை யாவும் செய்தும் தவணை தவறுமென்று தோன்றினால், அதனைத் துணி பெறுவோர்க்கு முன்கூட்டியே உரைத்தல் வேண்டும். கடைசி நாளில் கூறும் காரணத்தைவிட, முன்னரே கூறும் உண்மைக்கு மதிப்பு மிகுதி.

ஒரு செயலைச் செய்யத் தொடங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் கருவியையும் காலத்தையும் ஒருங்கே சேர்த்துரைத்தார் திருவள்ளுவர். இரண்டும் பிரிக்க இயலாதவை. கருவியைப் பேணாதவர் காலத்தை இழப்பர்; காலத்துக்கு அஞ்சிப் பதறுவோர் கருவியையும் இழப்பர். தேர்வு நாளின் காலையில் எழுதுகோலைத் தேடி அலையும் மாணவர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். மலைப்படிகளை ஒரே தாவலில் ஏற முயல்பவர் இடையிலேயே களைத்து அமர்வர்; நின்று நிதானித்து ஏறுபவரே உச்சியை அடைவர்.