மகள் கேட்ட சப்பாத்து

சென்ற மாதம் ஒரு பின்னேரம், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் பையைக் கழற்றும்போதே மகள் சொன்னாள்: "அம்மா, என்னை வலைப்பந்து அணியில எடுத்திருக்கினம். சப்பாத்து வேணும்." உள்ளே இருந்து மாமியின் குரல் வந்தது: "குமர்ப்பிள்ளை கட்டைப் பாவாடையோட துள்ளி விளையாடுறதோ?"

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது எனக்கு வயது 15. பாடசாலை அணியில் கோல் காப்பவள் நான். தென்மராட்சிக்குக் கொண்டுபோனது ஓர் உடுப்புப் பை மட்டும்தான். அதன் பிறகு விளையாட்டைப் பற்றி எவரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த விளையாட்டின் கதையைப் பாருங்கள். 1891 மார்கழியில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஒரு சிறிய பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் கட்டிப் பந்து போடச் செய்தார். அதுவே கூடைப்பந்து. விரைவிலேயே அயலில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை மைதானத்தை மூன்றாகப் பிரித்துப் பெண்களுக்கெனச் சட்டங்களை மாற்றினார். இங்கிலாந்துப் பெண்கள் அதை வலைப்பந்தாக வளர்த்தார்கள். நம் நாட்டின் முதல் வலைப்பந்துப் போட்டியில், 1927இல், கொழும்பு லேடிஸ் கல்லூரியை எதிர்த்து ஆடியது வேறு எதுவுமல்ல, எங்கள் கண்டி நகரின் மகளிர் உயர்நிலைப் பாடசாலைதான். 1963இல் இங்கிலாந்தில் நடந்த முதலாவது உலகப் போட்டிக்கே இலங்கைப் பெண்கள் போய்விட்டார்கள்.

எங்கள் வலிகாமத்துப் புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை நீங்கள் அறிவீர்கள். உயரம் 208 சென்ரிமீற்றர். அந்த உயரத்துக்காகவே சிறுவயதில் கேலி கேட்டவர். போருக்குள் வளர்ந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து, தேசிய அணிக்கு வந்தார். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது வளையத்தின் கீழ் நின்றவர் அவர். 2011 உலகப் போட்டியில் சிறந்த கோல் போடுபவர் என்ற பெயரையும் பெற்றார். ஊர் சிரித்த உயரத்துக்கு நாடே கைதட்டியது.

இதை மாமிக்குச் சொன்னேன். என் பழைய கதையையும் அன்றுதான் முதன்முறையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாவாடைக்குள்ள நீளக் காற்சட்டை போடலாமோ எண்டு ரீச்சரிட்டக் கேள்" என்றார். மறுநாளே கண்டி நகருக்குப் போய்ச் சப்பாத்து வாங்கினோம்.

சகோதரிகளே, இதற்குப் பெரிய செலவில்லை. ஓர் அணிக்கு 7 பேர், ஒரு பந்து, 3.05 மீற்றர் உயரத்தில் இரு வளையங்கள். முழு மைதானம் 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் ஒரு கம்பத்தோடு தொடங்கலாம். பந்தைக் கையில் வைத்திருக்க 3 விநாடிதான். அதற்குள் தோழி நிற்கும் இடத்தைப் பார்த்து எறிய வேண்டும். தனியே ஓடி ஒருவரும் வெல்ல முடியாது.

எங்களிடமிருந்து போர் பறித்தவற்றில் விளையாட்டும் ஒன்று. இழந்த பலவற்றைத் திருப்பித் தர எங்களால் இயலாது. இதை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். உங்கள் மகள் கேட்டால், மறுக்கமுன் ஒருமுறை மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள்.