சாரைக்கும் நாகத்துக்கும் சம்பந்தமா?

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் சாரைப்பாம்பு தென்பட்டால், "விடாதே, அடி! அது நாகத்தின் புருஷன்" என்று கூவுபவர்கள் உண்டு. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து மூட்டையோடு கொண்டுவந்த நம்பிக்கை இது. உண்மை என்ன?

நாகத்திலும் ஆண், பெண் உண்டு; சாரையிலும் உண்டு. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துப் பாம்புகள். கூடிக் குஞ்சு பொரிப்பதில்லை. ஆகவே 'பாதி விஷச் சாரை' என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் பின்னிப் பிணைந்து எழும்பி ஆடுவது எதற்கு? பெரும்பாலும் அவை இரண்டு ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம் அது. நாகமும் சாரையும் சந்தித்தால் கல்யாணம் நடக்காது. நாகத்துக்குப் பிற பாம்புகளும் இரைதான்!

சாரைக்கு விஷமில்லை. செம்பனைப் பழத்தைக் கொறிக்கும் எலிகளைத் தின்கிறது. அதை அடித்தால் லாபம் எலிக்கே.

ஆனால் அந்தி இருட்டில் எது சாரை, எது நாகம் என்று யாரால் சொல்ல முடியும்? எந்தப் பாம்பு கடித்தாலும் கடிவாயைக் கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நம் பக்கத்துக் கறுத்த நாகம் கண்ணை நோக்கி விஷத்தைத் துப்பும். பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். மந்திரிப்பவரைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.