காடியில் வெள்ளைப் புள்ளியா? வினிகரைத் தொடுவதற்கு முன் இதைப் படிங்க

தஞ்சோங் காராங்கில் ஒரு சனிக்கிழமை, நல்ல உச்சி வெயில். வாசலில் குழாயைத் திறந்து, சோப்பு போட்டு, மைவியை நல்லா கழுவிட்டீங்க. துடைக்கச் சோம்பல். வெயில்தான் இருக்கே, தானா காயும் என்று உள்ளே போய்விட்டீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், கறுப்பு பானெட் முழுக்க வெள்ளை வட்டங்கள்.

இணையத்தில் தேடினால் பதில் ஒன்றுதான்: "கடின நீர்க் கறை, வினிகர் ஊற்றுங்க." கொஞ்சம் பொறுங்க. அந்த அறிவுரை சுண்ணாம்புத் தண்ணீர் வரும் ஊர்களுக்குச் சரி. நம்ம ஊர்க் கறை வேறாக இருக்கலாம்.

நம்ம தண்ணி கடினமா?

கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் கரைந்திருந்தால் அது கடின நீர். ஒரு லிட்டரில் 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர். 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புப் பாறையில் இருப்பதால் அங்கே தண்ணீர் கடினம். பெர்லிஸ் நிலத்தடி நீரும் அப்படித்தான். ஆனால் சிலாங்கூரில் குழாயில் வருவது பெரும்பாலும் சுத்திகரிக்கப்பட்ட ஆற்று நீர். அதில் சுண்ணாம்பு குறைவு. சந்தேகம் இருந்தால் உங்க வீட்டு கெட்டிலுக்குள் எட்டிப் பாருங்க. அடியில் வெள்ளையாகத் தடித்த படிவு இல்லையென்றால், வில்லன் சுண்ணாம்பாக இருக்க வாய்ப்பு குறைவு.

அப்போ புள்ளி எங்கிருந்து வந்தது? மென்னீரிலும் கொஞ்சம் தாது இருக்கும். சூடான பானெட்டில் துளி காயும்போது அது ஓரத்தில் ஒதுங்கி வட்டமாகிவிடும். கடற்கரைப் பக்கம் நிறுத்தினால் உப்பு. அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிக்கும் வயலோரம் நிறுத்தினால் சாம்பல். நெல் வைக்கோல் சாம்பலில் சிலிக்கா அதிகம், அது வினிகரில் கரையாது. தோட்டத்து வீடுகளில் ஆழ்குழாய்த் தண்ணீரால் கழுவுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது: இரும்பு. அந்தத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்க. காலையில் மஞ்சளாக மாறியிருந்தால் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். கிளந்தானில் நிலத்தடி நீரைக் குழாயில் பெறும் குடும்பங்களுக்கு இந்த மஞ்சள் நிறம் பழகிப்போன ஒன்று.

முதலில் வெறும் தண்ணி

நிழலில், பானெட் ஆறிய பிறகு, நிறைய தண்ணீர் ஊற்றிக் கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். உப்பும் சாம்பலும் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். சாம்பல் இருக்கும்போது மட்டும் காய்ந்த துணியால் தேய்த்துவிடாதீர்கள், கீறல் விழும்.

பிறகும் வெள்ளையாக நின்றால், அப்போது வினிகர். (மலேசியாவில் காரைக் 'காடி' என்கிறோம், பழைய தமிழில் வினிகருக்கும் காடி என்றுதான் பேர். காடியைக் காடியால் கழுவுகிறோம்!) வெள்ளை வினிகரோடு சம அளவு வடிநீர் கலந்துகொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் விற்கும் பேட்டரி தண்ணி என்பது வடிநீர்தான். ஆனால் வாங்கும்போது அமிலம் இல்லையே என்று லேபிளைப் பார்த்து உறுதி செய்யுங்க. மென்மையான துணியை நனைத்துக் கறைமேல் ஓரிரு நிமிடம் வைத்து, உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. வினிகர் மெழுகையும் எடுத்துவிடும் என்பதால் பிறகு மெழுகு பூச வேண்டும். பழுப்புக் கறைக்கு வினிகரைவிட, கார் கடையில் விற்கும் இரும்பு நீக்கி சரி.

இத்தனைக்கும் போகவில்லையா? நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் அது கறையே அல்ல, மேல் பூச்சே அரிக்கப்பட்டிருக்கிறது. இனி பாலிஷ்தான். ஆனால் அந்த மேல் பூச்சு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஏ4 தாளின் பாதித் தடிமன். ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் சுரண்டும். ஒன்பது வருடக் கடனில் வாங்கிய வண்டிக்கு வருடா வருடம் பாலிஷ் போட்டால், கடன் முடிவதற்குள் பூச்சு மெலிந்துவிடும். விற்கப் போகும்போது அந்த மங்கலைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார்கள்.

குரோம் வேற கதை

தாத்தா ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிளில் இருப்பது இரும்புமேல் பூசிய குரோம். இன்றைய கார் லோகோவிலும் கிரில்லிலும் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்மேல் பூசியது. இரண்டிலுமே குரோம் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. ஆகவே எஃகு நார் வேண்டாம், பற்பசை வேண்டாம். உப்பு அமிலம் கலந்த கழிப்பறைத் திரவம் வேண்டவே வேண்டாம். அது கறையோடு குரோமையும் கரைத்துவிடும். இங்கேயும் அதே கலந்த வினிகர், ஒரு நிமிடம், பிறகு நிறைய தண்ணீர் போதும். பழைய வண்டியில் துருப்புள்ளி இருந்தால், அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கலாம். பிளாஸ்டிக் குரோமில் அது கூடாது. மேல் பூச்சு இல்லாத அலுமினிய ரிம் இருந்தால் வினிகரையும் தள்ளியே வையுங்கள்.

அடுத்த முறை மாலையில் கழுவுங்க. கடைசி அலசலுக்கு ஏர்கோன் குழாயில் சொட்டும் தண்ணீரைச் சுத்தமான வாளியில் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றலாம். ஆவி குளிர்ந்து வந்த நீர் என்பதால் அதில் தாது கிட்டத்தட்ட இல்லை. ஊற்றிய கையோடு துடைத்துவிடுங்கள்.