உல்லாசப் பயணமும் ஊவா மக்களும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். உற்றாரும் உறவினரும் சுற்றத்தார். முன்பின் அறியாத புதியவனே விருந்தினன். அந்தப் பொருளில் நோக்கினால், இன்று ஊவா மாகாணத்து மலையூர்களுக்கு வரும் விருந்துக்குக் குறைவில்லை. பதுளை மாவட்டத்திலுள்ள எல்ல என்னும் சிற்றூருக்கும், தெமோதர, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய அயலூர்களுக்கும் பல நாட்டுப் பயணிகள் வந்து செல்கின்றனர். வருகின்றவர்கள் எவற்றைக் காண்கின்றனர் என்பதை விளம்பரங்கள் விரிவாகவே கூறுகின்றன. வருகின்றவர்களை அங்கு வாழ்கின்றவர்கள் எவ்வாறு காண்கின்றனர் என்பதே, நேயர்களே, இன்று நாம் ஆராயப்புகும் பொருள்.

முதலில் காட்சியை நோக்குவோம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீண்டு வரும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டியது. தெமோதரவில் அப்பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கவழியாகச் செல்கின்றது. எல்லவுக்கும் தெமோதரவுக்கும் இடையே, 1921இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலம், உருக்குச் சட்டமெதுவுமின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழும்பி, ஏறத்தாழ 24 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. அப்புத்தளைக்கு மேலே, தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தம்பேதன்ன தோட்டமும், அவர் பெயரால் வழங்கும் மலையுச்சியும் உள்ளன. மலையும் மஞ்சும் இயற்கையின் கொடை. ஆயின் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவு மனித உழைப்பின் ஆக்கம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வழிவந்தோர் இன்றும் அச்சரிவுகளில் கொழுந்து பறிக்கின்றனர். இதை மனத்திற்கொள்ளாமல் இப்பொருளை விளங்கிக்கொள்ள இயலாது.

உல்லாசப் பயணத்தை உள்ளூர் மக்கள் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதற்கு ஜோர்ஜ் டொக்சி என்ற ஆய்வாளர் 1975இல் ஒரு படிமுறை வகுத்தார். முதலிற் களிப்பு, பின்னர் அசட்டை, அதன்பின் எரிச்சல், ஈற்றிற் பகைமை என்று ஊரின் மனம் நான்கு படிகளைக் கடக்கும் என்பது அவர் கருத்து. சுருக்கமும் தெளிவும் உடைய கருத்துத்தான். எனினும், ஊருக்கெல்லாம் மனம் ஒன்றே என்று அது கொண்டுவிடுகின்றது. பின்வந்த ஆய்வாளர்கள் இக்குறையைச் சுட்டிக்காட்டி, ஒருவர் அடையும் நன்மையும் சுமக்கும் சிரமமுமே அவருடைய நோக்கைத் தீர்மானிக்கின்றன என்றனர். ஊவாவுக்கு இரண்டாவது கருத்தே பொருந்துகின்றது.

எல்லவின் பெருந்தெருவோரத்தில் ஒரு துண்டுக் காணியும் வீடும் உடையவரை எண்ணிப் பாருங்கள். அவர் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடுகின்றார். அடுத்த ஆண்டில் மாடி எழுப்புகின்றார். மகன் முச்சக்கர வண்டி ஓட்டுகின்றான். மகள் வரவேற்பு மேசையில் அமர்ந்து ஆங்கிலம் பழகுகின்றாள். ஊரை விட்டுக் கொழும்புக்கோ மத்திய கிழக்கு நாடுகளுக்கோ செல்லாமல் பிழைக்க ஒரு வழி பிறந்தது என்று அவர் மகிழ்வதில் வியப்பில்லை. காணி விலை ஏறுவது அவருக்குச் செல்வம். அதே ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ அதுவே சுமை.

இனித் தோட்டத்து லயத்துக்கு வருவோம். அங்குள்ள குடும்பத்துக்கும் பயணி புதியவன்தான்; அவனை உபசரிக்கும் பண்பும் அவர்களிடம் உண்டு. ஆனால் விருந்தோம்புவதற்கு வீடு வேண்டும் அல்லவா? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் அவர்கள்; எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இத்தனை கைமாற்றங்களிலும் லய அறை அதில் வாழ்ந்தவரின் பெயருக்கு மாறவில்லை. உறுதிப் பத்திரம் இல்லாதவர் வங்கியில் அடகு வைத்துக் கடன்பெற முடியாது; அறை கட்டி வாடகைக்கு விடவும் முடியாது. ஆகவே, காட்சியின் நடுவே நிற்கும் கொழுந்துக் கூடைக்காரி, அக்காட்சியால் வரும் வருவாயின் ஓரத்திலேயே நிற்கின்றாள். புகைப்படத்துக்கு நின்றதற்காகக் கிடைக்கும் சில்லறைதான் அவளுக்கு நேரே வந்து சேரும் பங்கு. அச்சில்லறையை விரும்புவோரும் உளர். கேளாமலே படம்பிடிப்பதை அவமதிப்பாகக் கருதுவோரும் உளர். 2024இல் தேயிலைத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இந்நிலையில் இளைஞர் விடுதி வேலையை நாடுவதைக் குறைகூற முடியாது.

நன்மை ஒரு பகுதியினருக்குச் சேர்ந்தாலும் சிரமம் பொதுவாகிவிடுகின்றது. ஊவாவின் பருவநிலையே இதற்குச் சான்று. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சாய்விலே மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகின்றது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரையான அவ்வறட்சியே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த நறுமணத்தைத் தருகின்றது. ஐரோப்பியரின் கோடை விடுமுறையும் இதே காலத்தில் வருகின்றது. ஊற்று மெலியும் மாதங்களிலே குளியலறைகள் பெருகினால், குழாயடியில் காத்திருப்பவருக்குப் பயணியின் வருகை வேறு விதமாகத்தான் தோன்றும். புகையிரதமும் அவ்வாறே. பயணிக்கு அது காட்சி. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் அலுவலாகச் செல்பவருக்கு அது தேவை. கூட்ட நெரிசலில் தேவைக்கு இடமில்லாது போகின்றது என்பது அம்மக்களின் முறைப்பாடு.

மலைச்சரிவில் வாழ்வோருக்கு மற்றோர் அச்சமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டதை இம்மாவட்டம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலும் பதுளை மாவட்டத்தில் பெருஞ் சரிவுகளை விளைவித்தது. சரிவை வெட்டி விடுதி எழுப்புவோர், மண்ணின் உறுதியையும் மழைநீர் ஓடும் வழியையும் ஆராயாது கட்டினால், அதன் விளைவைக் கீழே வாழ்பவரும் சுமக்க நேரிடும்.

இத்தொழிலின் நிலையாமையையும் மக்கள் அறிவர். 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2019இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் அடுத்து வந்த கொள்ளைநோயும் அத்தொகையை 2021இல் 2 இலட்சத்துக்கும் கீழே இறக்கின. கடன்பட்டு மாடி கட்டியவர்கள் தவித்த அந்நாட்களில், தோட்டங்களில் கொழுந்து பறிப்பு நடந்துகொண்டே இருந்தது. உல்லாசப் பயணத்தை வரவேற்பவரும், தேயிலையையும் மரக்கறிச் செய்கையையும் கைவிடத் தயங்குவதன் காரணம் இதுவே.

ஆகவே, ஊவா மக்கள் பயணியை விரும்புகின்றனரா, வெறுக்கின்றனரா என்று வினவுவதில் பெரும்பயன் இல்லை. எந்த உரிமையோடு அவர்கள் அவனை எதிர்கொள்கின்றனர் என்று வினவுவதே தகும். பண்டாரவளையில் 2025 ஒக்டோபரில் தோட்டக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அவ்வழி எல்லாக் குடும்பங்களுக்கும் திறக்க வேண்டும். தோட்டப் பாதைகளில் வழிகாட்டும் பணியைத் தோட்டத்து இளைஞருக்கே பயிற்றுவித்து அளிப்பதும், குடிநீருக்கு முதலிடம் தருவதும், புகையிரதத்தில் உள்ளூரார்க்கென ஒரு பெட்டியை ஒதுக்குவதும் செயற்கரிய காரியங்கள் அல்ல. தன் வாசல் தனக்கு உரிமையானபோதுதான், அவ்வாசலில் வந்து நிற்பவனை ஒருவர் மனமுவந்து உள்ளே அழைக்க முடியும்.